பூவும் நாரும்: தொடுத்தற் கலையின் கதை

தை மாதம் ஐந்தாம் நாள் மணலூர்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா? தென்பெண்ணையின் மணற்பரப்பு முழுவதும் அன்று மனிதத் தலைகளாக இருக்கும். திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு அங்கே வருகிறார். சுற்று வட்டாரத்துத் தெய்வங்களும் ஆற்றுக்கு வந்து சேரும். கரும்பு, பொரி, பொம்மை, பலூன் என்று கடைகள் நீண்டு கிடக்கும். ஆற்றுத் திருவிழா என்றே அதற்குப் பெயர்.

அந்தக் கூட்டத்தில் நான் நெடுநேரம் நின்றது ஒரு பூக்கடையின் முன்னால். கடை என்றால் விரித்த சாக்கு ஒன்று, ஈரத்துணி போட்டு மூடிய கூடை ஒன்று, வாழை நார்க் கற்றை ஒன்று, அவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் பூக் கட்டிக்கொண்டிருந்தார். கண்கள் வாடிக்கையாளரின் மேல் இருந்தன. வாய் விலை பேசியது. விரல்கள் தம்பாட்டுக்கு அரும்புகளை எடுத்து, எதிரெதிராக வைத்து, நாரைச் சுற்றி, வளையம் போட்டு, இறுக்கிக்கொண்டே போயின. ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே இருந்த தூரம் அளந்து வைத்ததுபோல் இருந்தது. நான் அளவுகோல் வைத்துப் பழகியவன். ஆனாலும் அவ்வளவு சீராக என்னால் கோடு போட முடியாது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் அப்போது பணியாற்றிய ஒரு கல்லூரியில் மலர் அலங்காரப் போட்டி நடந்தது. நடுவர் மூவரில் நானும் ஒருவன். இயற்பியல் ஆசிரியனுக்கும் மலர் அலங்காரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். வேறு யாரும் அன்று ஓய்வாக இல்லை. எங்கள் கையில் விதிகள் அச்சடித்த தாள் ஒன்று கொடுக்கப்பட்டது. மலர்கள் கலத்தில் நிற்க வேண்டும். நடுத்தண்டின் உயரம் கலத்தின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். சமநிலை, அளவுப் பொருத்தம், சீர், முரண், ஒருமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் இத்தனை மதிப்பெண். ஒரு மாணவி கலம் கொண்டுவரவில்லை. ஒரு தாம்பாளத்தில், தானே கட்டிய கதம்பச் சரத்தைச் சுருள் சுருளாக வைத்திருந்தாள். மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து. "இது பூக்கட்டுதல், மலர் அலங்காரம் அல்ல" என்று முடிவாயிற்று. அந்தத் தாளில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பூக்கட்டுதல் மலர் அலங்காரம் இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் கொஞ்சம் பழைய நூல்களையும் கொஞ்சம் இயற்பியலையும் புரட்டினேன். கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆற்றோடு கீழே

மணலூர்பேட்டையிலிருந்து பெண்ணையோடு கீழே இறங்கினால் திருக்கோவிலூர் வரும். ஆற்றின் நடுவே ஒரு பாறை. அதைக் கபிலர் குன்று என்கிறார்கள். பாரியின் மறைவுக்குப் பின் கபிலர் இங்கே வந்து உயிர் நீத்தார் என்பது மரபு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று இச்செய்தியைக் குறிப்பிடுகிறது. கபிலர் காலத்துக்கும் கல்வெட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உண்டு. ஆகவே அதை நேர்ச் சாட்சியாகக் கொள்ள முடியாது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஆற்றங்கரை மக்கள் அப்படி நம்பினார்கள் என்பதற்கு அது உறுதியான சான்று.

பூவைப் பற்றிப் பேச வந்து கபிலரை ஏன் இழுக்கிறேன் என்றால், குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசையாகப் பெயர் சொல்லி அடுக்கியவர் அவர்தாம். காந்தளில் தொடங்கும் அந்த வரிசை உலக இலக்கியத்திலேயே அரிய ஒன்று. அந்தப் பட்டியலுக்கே ஒரு வரலாறு உண்டு. உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இல் பதிப்பித்தார். அதற்காக அவர் ஏடுகளைத் தேடியபோது குறிஞ்சிப்பாட்டில் சில பூப்பெயர்கள் உதிர்ந்து போயிருந்தன. தருமபுர ஆதீனத்து ஏட்டில்தான் அவை கிடைத்தன. ஒரு சுவடி செல்லரித்திருந்தால் அந்தப் பூக்கள் நமக்கு இல்லாமலே போயிருக்கும்.

அந்தப் பாட்டில் மலர் பறிப்பது பட்டியல் போடுவதற்காக அல்ல. தலைவியும் தோழியும் பறித்த பூக்களைப் பாறையில் குவிக்கிறார்கள், தழை உடுக்கிறார்கள், தலையில் சூடிக்கொள்கிறார்கள். அதாவது பறித்தல், குவித்தல், தெரிந்தெடுத்தல், கட்டுதல், அணிதல் என்று வேலை படிப்படியாக நடக்கிறது. பழந்தமிழில் இதற்கு எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். தலையில் சூடுவது கண்ணி. ஆண்கள் மார்பில் அணிவது தார். பெண்கள் அணிவது கோதை. இவையன்றித் தெரியல், தொடையல், பிணையல், அலங்கல், படலை, தொங்கல். பூவின் பருவத்துக்கும் தனித்தனிச் சொல்: அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். பூக்கும் இடத்தை வைத்தும் ஒரு பிரிவு: கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ. எந்தத் துறையில் சொல் இப்படிப் பெருகுகிறதோ அந்தத் துறையில் கைவேலையும் பெருகியிருக்கிறது என்று கொள்ளலாம். எஸ்கிமோவரின் பனிச்சொற்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்களே, அதைவிட நம்பத் தகுந்த உதாரணம் இது.

போரைக்கூடப் பூவால் பெயரிட்டவர்கள் நம் முன்னோர். வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை! சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. படை கலந்த களத்தில் யார் எந்தப் பக்கம் என்று தொலைவிலிருந்தே அறிய அது அடையாளமும் ஆயிற்று.

சேக்கிழார் எழுதிவைத்த செய்முறை

வடமொழிக் காமசூத்திரத்தின் 64 கலைகளில் மாலை தொடுத்தலும் ஒன்று. ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, எப்படிச் செய்வது என்ற குறிப்பு இருப்பது வேறு. எனக்கு வியப்பளித்த குறிப்பு 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த பெரியபுராணத்தில் கிடைத்தது.

திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனாரின் தொண்டு பூத்தொடுப்பது. விடியலில் எழுந்து நால்வகைப் பூக்களையும் பறித்து வந்து, தனியிடத்தில் அமர்ந்து அவர் என்னென்ன செய்தார் என்று சேக்கிழார் சொல்லும்போது, மாலையின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் அதன் வினையோடு சேர்த்துச் சொல்கிறார். கோக்கப்படுவது கோவை. சுருக்கப்படுவது இண்டை. இணைக்கப்படுவது வாசமாலை. தண்டில் கட்டப்படுவது கண்ணி. தாளோடு தாள் பிணைக்கப்படுவது பிணையல். தாது சிந்தத் தொங்குவது தொங்கல். தாமமும் அவ்வரிசையில் உண்டு.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கோத்தல், சுருக்குதல், இணைத்தல், கட்டுதல், பிணைத்தல். ஒவ்வொன்றும் கையால் செய்யும் வெவ்வேறு செயல். ஒரு தொழிற்கூடத்தில் இணைப்பு முறைகளை ஆணி, திருகு, பற்றவைப்பு என்று பிரிப்பதுபோல், பூவை நாரோடு சேர்க்கும் முறைகளை வைத்துப் பிரித்திருக்கிறார். பக்தி நூல் என்று ஒதுக்கிவிட்டுப் போகும் அறிவியல் மாணவர்கள் இந்த ஒரு பாட்டையாவது படிக்க வேண்டும்.

இந்தப் பிரிவுகளின் பொருள் இயற்பியலில் இருக்கிறது. கோவையை எடுத்துக்கொள்வோம். ஊசியால் பூவைத் துளைத்து நூலில் ஏற்றுவது அது. அரளி, சம்பங்கி மாலைகளை இன்றும் இப்படித்தான் கோக்கிறார்கள். பூக்கள் நூலின் மேல் வழுக்கி நகரும். நூலின் இரு முனைகளில் உள்ள முடிச்சுகளே எல்லாவற்றையும் தாங்குகின்றன. நடுவில் அறுந்தால்? மணிமாலை அறுந்த கதைதான். இனி, கட்டிய சரத்தைப் பாருங்கள். அதை எந்த இடத்தில் கத்தரித்தாலும் அந்த இடத்துப் பூ இரண்டொன்று தளருமே தவிர மற்றவை அசைவதில்லை. ஒவ்வொரு கணுவும் தன் பொறுப்பைத் தானே ஏற்றிருக்கிறது. அதனால்தான் கட்டிய பூவை முழம் போட்டு அறுத்து விற்க முடிகிறது. பூவை முழத்தால் அளக்கும் வழக்கமே இந்தக் கட்டுமுறை தந்த வசதி என்பது என் கருத்து.

முடிச்சு எங்கே?

இப்போது ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் பூக்கட்டத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். அவரைப் பத்துக் கணு கட்டித் தரச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு பூவின் காம்பையும் மெல்ல உருவி எடுங்கள். எல்லாப் பூவையும் எடுத்த பின் நாரின் இரு முனைகளையும் பிடித்து இழுங்கள். என்ன ஆயிற்று? முடிச்சு ஒன்றுகூட இல்லை! நார் நேராக நிற்கிறது.

காரணம் எளிது. ஒரு நாரில் உண்மையான முடிச்சு விழ வேண்டுமானால் அதன் முனை ஏதாவது ஒரு வளையத்துக்குள் புகுந்து வெளிவர வேண்டும். பூக்கட்டுபவர் முனையைத் தொடுவதே இல்லை. நாரின் நடுவில் ஒரு வளையத்தை விரலால் முறுக்கி, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இறுக்குகிறார். வளையத்தை வளையமாக வைத்திருப்பது காம்புதான். காம்பு போனால் வளையமும் போயிற்று. மணலூர்பேட்டை அம்மாளிடம் இதைக் கேட்டபோது, "பூ இல்லாட்டி முடிச்சு ஏது சார்?" என்றார். முடிச்சுகளை ஆராயக் கணிதத்தில் ஒரு தனிக் கிளையே இருக்கிறது. அதன் மொழியில் சொன்னால், ஆயிரம் கணு போட்ட பூச்சரத்தின் நாரும் முடிச்சற்ற நேர்க்கோடுதான்.

முடிச்சே இல்லாத கட்டு எப்படிப் பிடித்துக்கொள்கிறது? உராய்வினால். கிணற்று உருளையில் கயிற்றை ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றினால் எவ்வளவு பிடிப்பு ஏறுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஆய்லர் இதற்கு ஒரு வாய்பாடு தந்திருக்கிறார். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு முனையில் உள்ள சிறு விசை மறுமுனையில் ஏறக்குறைய 6.6 மடங்கு இழுப்பைத் தாங்கும். இரண்டு சுற்றுக்கு 13 மடங்கா? இல்லை, 43 மடங்கு! சுற்றுகள் கூட்டலாக ஏறுகின்றன. பிடிப்பு பெருக்கலாக ஏறுகிறது. பூக்கட்டுபவர் ஒரு சுற்றும் ஒரு வளையமும் போட்டு நிறுத்திக்கொள்வதன் நுட்பம் இதில் இருக்கிறது. அதற்கு மேல் சுற்றினால் நாரும் வீண், நேரமும் வீண்.

சரி, ஏன் வாழை நார்? மெல்லிய நைலான் நூல் அதைவிட வலிமையானதாயிற்றே? வலிமை மட்டும் போதாது. இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை நாரையும், அதில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நூலையும் ஒரே விசையுடன் இறுக்கினால், நூல் காம்பின் மேல் தரும் அழுத்தம் பத்து மடங்கு. இளங்காம்பு அறுந்துவிடும். நார் அகலமானது, நனைத்தால் வளைந்து கொடுப்பது, ஈரத்தைத் தன்னுள் வைத்திருப்பது. பூவோடு சேர்ந்த நார் மணம் பெறும் என்று நாரை மட்டமாகப் பேசுவது நம் வழக்கம். உண்மையில் நாரோடு சேர்ந்ததால்தான் பூ பிழைக்கிறது.

கல்லிலும் கோயிலிலும்

தொடுத்த பூ ஒரு நாளில் வாடிவிடும். ஆகவே இக்கலைக்குத் தொல்பொருள் சான்று கிடைக்காது என்று நினைத்திருந்தேன். ஒரு சான்று கங்கைகொண்ட சோழபுரத்தில் இருக்கிறது. முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த அக்கோயிலில் சண்டேசருக்குச் சிவன் அருள்புரியும் சிற்பம் புகழ் பெற்றது. அங்கே சிவபெருமான் தம் கையாலேயே பூச்சரத்தை எடுத்துச் சண்டேசரின் தலையைச் சுற்றிக் கட்டுகிறார். சரம் தலையை வளைத்துச் செல்வதைச் சிற்பி கல்லில் காட்டியிருக்கிறான். அரசனுக்கு முடிசூட்டும் காட்சிபோல் அது அமைந்திருக்கிறது என்று கலை வரலாற்றாசிரியர்கள் எழுதுவார்கள். எனக்கு அது பூக்கட்டுபவருக்குக் கிடைத்த மரியாதையாகவும் தோன்றுகிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனம், திருப்பள்ளித்தாமம் என்னும் சொற்கள் அடிக்கடி வருகின்றன. தோட்டத்துக்கு நிலம், பூப்பறிப்பவருக்கும் தொடுப்பவருக்கும் வாழ்வாதாரம் என்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. கோயில்களில் பண்டாரங்கள் வழிவழியாகச் செய்துவந்த இந்தத் தொண்டில், மாலையின் பெயர் கல்லில் இருக்கிறது. தொடுத்த கையின் பெயர் பெரும்பாலும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் நாள்தோறும் புதிதாக ஒரு கிளி வைக்கிறார்கள். இலையாலும் பூவாலும் ஆன கிளி. அலகுக்கு மாதுளம்பூ, உடலுக்கு மரவள்ளி இலை. இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. போர்ச்சுக்கீசியர் வந்த பிறகே இந்தியாவுக்கு வந்தது. கிளி பழையதானால் இலை புதியது! மாலைகளிலும் இதே கதைதான். செண்டுமல்லி, வாடாமல்லி, நிலச்சம்பங்கி ஆகிய மூன்றின் தாயகமும் அமெரிக்கக் கண்டம். கபிலரின் 99-இல் இவற்றைத் தேடினால் கிடைக்காது. இவற்றை எடுத்துவிட்டால் இன்றைய பூக்கடையில் பாதி காலி. பொருள் மாறிக்கொண்டே இருக்க, கோத்தலும் கட்டுதலும் பிணைத்தலும் அப்படியே இருக்கின்றன. மரபு என்பது பூவில் இல்லை, விரலில் இருக்கிறது.

விதிகள் எழுதியவர்கள்

இனி அந்த மதிப்பெண் தாளுக்கு வருவோம். அதில் இருந்த கொள்கைகள் தவறானவை அல்ல. ஜப்பானில் பௌத்தக் கோயில்களில் மலர் வைக்கும் வழக்கத்திலிருந்து இகெபானா வளர்ந்தது. கியோத்தோ நகரின் இகெனோபோ சென்கெய் என்ற துறவி மலர் அமைத்ததைப் பற்றிய குறிப்பு 1462-ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. 1542-இல் சென்னோ என்பவர் தம் கொள்கைகளை எழுத்தில் வைத்தார். மூன்று முதன்மைக் கிளைகள், சமமற்ற பக்கங்கள், இடையில் வெற்றிடம். ஐரோப்பியரோ கலம் நிறையப் பூவை அடுக்கினார்கள். ஆங்கில ஓவியர் ஹோகார்த், 1753-இல் வெளியிட்ட நூலில், பாம்புபோல் நெளியும் கோடே அழகின் கோடு என்றார். மலர் அலங்காரப் பாடங்களில் அந்த வளைவுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த இரண்டு மரபிலும் பூ நிற்கிறது. அடியில் கலம், மேலே தண்டு. ஈர்ப்பு மையம் அடித்தளத்துக்கு மேலாக விழ வேண்டும் என்பதே அங்கே சமநிலை. ஒன்றரை மடங்கு உயரம் என்ற விதியும் அதற்குப் பொருந்தியதே. நம்முடைய மாலை தொங்குகிறது. தொங்கும் பொருளுக்குச் சமநிலை தானாகவே வந்துவிடும். அங்கே கேள்வி வேறு: எந்த வடிவில் தொங்கும்?

இந்தக் கேள்வியில் ஐரோப்பாவின் பெரிய மூளைகள் எல்லாம் இடறியிருக்கின்றன. தொங்கும் சங்கிலி ஏறக்குறையப் பரவளைவாக இருக்கும் என்று கலிலியோ 1638-இல் எழுதினார். அது பரவளைவு அல்ல என்று யுங்கியஸ் காட்டியது 1669-இல் அச்சேறியது. சரியான வளைவை லைப்னிட்ஸ், ஹைகன்ஸ், யோகான் பெர்னூலி மூவரும் 1691-இல் கண்டுபிடித்தார்கள். தூணுக்குத் தூண் கட்டிய பூச்சரம் அந்த வளைவில்தான் தொங்குகிறது.

திருமணப் பந்தலில் சரம் கட்டும்போது சிலர், தொய்வு இருக்கக் கூடாது என்று இழுத்துக் கட்டுவார்கள். ஒரு கிலோ எடையுள்ள சரத்தை 4 மீட்டர் இடைவெளியில் ஒரு மீட்டர் தொய்வோடு கட்டினால், அதன் நடுவில் உள்ள இழுவிசை ஏறக்குறைய அரைக் கிலோ எடை. தொய்வை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 5 கிலோ எடை ஆகிறது. பூவின் எடை கூடவில்லை. இழுவிசை மட்டும் பத்து மடங்கு. முற்றிலும் நேராக இழுக்க வேண்டுமானால் அளவற்ற விசை வேண்டும். அதற்கு முன் நார் அறுந்துவிடும். அனுபவமுள்ளவர்கள் சரத்தைத் தாராளமாகத் தொங்க விடுகிறார்கள். அழகும் பாதுகாப்பும் ஒன்றாகவே வருகின்றன.

மாலையின் அடியில் குஞ்சம் எதற்கு? வெறும் சரத்தைக் கழுத்தில் போட்டால் அது அடியில் அகன்ற வளைவாக நிற்கும். நடுவில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டால் இரு பக்கமும் நிமிர்ந்து கூர்மையாகச் சேரும். முறுக்கிக் கொள்வதும் குறையும். தடித்த நூலின் நடுவில் ஒரு சாவிக்கொத்தைக் கட்டிப் பாருங்கள், தெரியும்.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாரிஸின் கோபலின் நெசவுச்சாலையில் சாயப்பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ரோல், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்பதை 1839-இல் ஒரு பெரிய நூலாக எழுதினார். பச்சைக்கு அருகே சிவப்பு மேலும் சிவக்கும். கனகாம்பரத்துக்கு நடுவே மரிக்கொழுந்தை வைக்கும் எவரும் செவ்ரோலைப் படித்ததில்லை. அதேபோல் வெளிச்சம் மங்கும்போது நம் கண்ணுக்குச் சிவப்பு முதலில் கறுக்கிறது. இதைக் கண்டவர் பர்கினி. அகல்விளக்கு மட்டும் எரியும் கருவறையில் செவ்வரளி மட்டும் சாத்தினால் இருளோடு இருளாகிவிடும். வெள்ளைப் பூவை இடையிடையே வைப்பது அதனால்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வைப்பதன் பயன் அதுவே.

மொட்டாகக் கட்டுவது

கலத்தில் நிற்கும் பூவுக்குத் தண்டு வழியே நீர் ஏறும். கட்டிய பூவுக்கு அந்த வழி இல்லை. பறித்தபோது உள்ள நீரோடு அது காலம் தள்ள வேண்டும். அதனால் மல்லிகையை மலர்ந்த பின் பறிப்பதில்லை. விடியற்காலையில் முகையாகப் பறிக்கிறார்கள். இதழ்கள் மூடியிருக்கும்போது காற்றுப்படும் பரப்பு குறைவு. நீர் ஆவியாவதும் குறைவு. மாலையில் கூந்தலிலோ சந்நிதியிலோ அது தானாக விரியும். தொடுப்பவர் கட்டுவது இப்போது இருக்கும் வடிவத்தை அல்ல, ஏழெட்டு மணி நேரம் கழித்து வரப்போகும் வடிவத்தை. முகைகள் இத்தனை நெருக்கமாக இருந்தால் விரிந்தபின் இடைவெளி இல்லாமல் நிறையும் என்று கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். கலத்து அலங்காரத்தில் காலம் என்ற இந்தப் பரிமாணத்தை இவ்வளவு துல்லியமாகக் கையாள்பவர்கள் அரியர்.

இந்தக் காலக்கணக்கு மிகப் பழையது. நெடுநல்வாடையில் ஒரு காட்சி வருகிறது. மழைக்காலம், வானம் மூடிக் கிடப்பதால் பொழுது தெரியவில்லை. பெண்கள் தட்டில் இட்டு வைத்த பிச்சி முகைகள் விரிந்து மணம் வீசியதும் மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். பூவையே கடிகாரமாகப் படித்தவர்கள்!

கூடையை மூடும் ஈரத்துணியும் இதோடு சேர்ந்ததே. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். துணியிலிருந்து ஆவியாகும் நீர் அந்த வெப்பத்தைக் கூடையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. துணிக்கு உள்ளே காற்று ஈரமாக இருப்பதால் பூ தன் நீரை விடுவதில்லை. பழக்கூடைக்குப் பக்கத்தில் மட்டும் பூக்கூடையை வைக்காதீர்கள். கனியும் பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது. பல பூக்கள் அதில் விரைவில் முதுமை எய்துகின்றன. செடிகளின் மேல் இந்த வாயுவின் விளைவை 1901-இல் கண்டுபிடித்தவர் நெல்யூபோவ் என்ற ரஷ்ய மாணவர். ஆய்வுக்கூடத்து விளக்கு வாயுவில் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்ந்ததைக் கண்டு அவர் தொடங்கிய ஆராய்ச்சி அது.

யாருடைய அறிவு?

குமரி மாவட்டத்துத் தோவாளையில் மாணிக்கமாலை என்று ஒன்று கட்டுகிறார்கள். வெள்ளரளியையும் செவ்வரளியையும் மடித்து, நொச்சி இலையை இடையிட்டு, பாய் முடைவதுபோல் தட்டையாகப் பின்னுவது. பார்வைக்கு மணி பதித்த பட்டைபோல் இருக்கும். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கு 2013-இலேயே கிடைத்துவிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். மதுரையில் காக்கப்பட்டது ஒரு பூ. தோவாளையில் காக்கப்பட்டது ஒரு கைவேலை. எனக்குத் தெரிந்தவரை இரண்டாவதே இந்தக் கட்டுரைக்கு நெருக்கமான செய்தி.

இப்படி ஒரு பெயரும் கிடைக்காத கட்டுமுறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. உதிரிப்பூவை வாங்கி வந்து வீட்டுத் திண்ணையில் கட்டிக் கொடுக்கும் பெண்களுக்குக் கூலி அளவை வைத்துத்தான். கையின் நயத்துக்குத் தனி விலை இல்லை. சென்னோ எழுதிவைத்ததால் ஜப்பானியக் கலை உலகக் கல்லூரிகளுக்குப் போயிற்று. நம்முடையது எழுதப்படாமல், தாயின் விரலிலிருந்து மகளின் விரலுக்குப் போனது. மகள் பள்ளிக்கும் வேலைக்கும் போகிறாள், போகத்தான் வேண்டும். அப்படியானால் இடையில் யாராவது எழுதிவைக்க வேண்டும் அல்லவா?

அந்த எண்ணத்தோடுதான் ஆற்றுத் திருவிழாவில் என் குறிப்பேட்டைத் திறந்தேன். சேக்கிழாரின் பட்டியலை அந்த அம்மாளிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். கோவை என்றதும், "ஊசியில கோக்கறதுதானே?" என்றார். கட்டுவது, பின்னுவது எல்லாம் தெரியும் என்றார். பிணையலுக்குச் சற்று யோசித்து, காம்போடு காம்பை முறுக்கிக் காட்டினார். இண்டை என்ற சொல் அவருக்குத் தெரியவில்லை. நான் குறிப்பேட்டில் ஒரு வட்டம் வரைந்து, "தலையில் வைப்பது, இப்படி இருக்கும்" என்றேன்.

அவர் படத்தைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் ஒரு சாண் சரத்தை எடுத்து வளைத்து, ஒரு முனையை மற்றதன் அடியில் செருகி, உள்பக்கத்து நாரைச் சுருக்கி இழுத்தார். பூக்கள் எல்லாம் வெளிப்பக்கம் திரும்பி நின்றன. சுருக்கப்படுவது இண்டை என்று சேக்கிழார் ஏன் எழுதினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இதுக்கு ஒரு பேரா சார்? அம்மனுக்கு வைக்கிறதுன்னு சொல்லுவோம்" என்றார். அதற்குள் ஒருவர் இரண்டு முழம் கேட்டு வந்து நிற்க, அவர் கை முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீண்டு அளக்கத் தொடங்கியது.